ஐம்பத்தெட்டுக் கூரைகள்

பென் டேப்லெட்டில் வரையத் தொடங்குகிறவர்களுக்குக் கை வலிப்பதில்லை, கழுத்துதான் வலிக்கும். மேசைமேல் கிடக்கும் கறுப்புப் பலகையில் பேனா ஓடும். ஓடிய கோடு எதிரே நிற்கும் திரையில் விழும். கை இருக்கும் இடத்தில் கோடு இல்லை, கோடு இருக்கும் இடத்தில் கை இல்லை. முதல் இரண்டு வாரம் எல்லோரும் குனிந்து கையைப் பார்ப்பார்கள், நிமிர்ந்து திரையைப் பார்ப்பார்கள், மாலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பிறகு ஒருநாள் குனிவது நின்றுவிடும். தன் கை என்ன செய்கிறது என்று பார்க்காமலேயே வேலை செய்ய மனிதன் பழகிவிடுவான். எனக்கு அந்தப் பழக்கம் ஒன்பதே நாளில் வந்தது. எங்கள் அலுவலகத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு விரைவில் வந்ததில்லை.

விசாரணை அலுவலர் இளமதி அம்மையார் அவர்களே, இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று நான் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பேசச் சொல்லியிருந்தால் நான் நன்றாகப் பேசியிருப்பேன். இருபது ஆண்டுகள் சீர்திருத்த மேடைகளில் முழங்கியவன். துண்டறிக்கை எழுதியே தமிழ் கற்றவன். எந்த இடத்தில் குரலை இறக்கினால் எந்த வரிசையில் கண்ணீர் வரும் என்று அறிந்தவன். அந்த வித்தை இந்த அறைக்கு வேண்டாம். எனக்குக் களைப்பாகவும் இருக்கிறது. தாளில் எழுதினால், ஒரு சொல்லை அடித்தாலும் அடித்த தடம் தெரியும். அது நல்லது.

நேற்று நீங்கள் காட்டிய அறிக்கை வரைவைப் படித்தேன். நெடுங்கரை ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் நெடுங்கரை காலனி, வெள்ள மீட்பு வரைபடத்தில் தனிக் குடியிருப்பாகக் காட்டப்படவில்லை, ஆகவே படகு அங்கே போகவில்லை, ஐவர் இறந்தனர், இதற்குக் காரணம் வரைவாளரின் கவனக்குறைவு என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். சுருக்கமான, நேர்மையான அறிக்கை. அதில் ஒரே ஒரு சொல் தவறு. கவனக்குறைவு என்பது தவறு.

இறந்த ஐவரின் பெயரும் எனக்கு மனப்பாடம். நடக்க முடியாத முதியவர் இருவர். நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர். அவரைத் தோளில் தாங்கியிருந்த கணவர். ஐந்தாமவர் ஜெயராணி, வயது நாற்பத்தாறு, காலனியின் மாதா கோயிலில் மணி அடிப்பவர்.

எங்கள் அலுவலக வரைபடக் கையேட்டின் பதினோராம் பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. ஐந்நூறு மீட்டருக்குள் அமைந்த இரண்டு குடியிருப்புகளை ஒரே புள்ளியாகக் காட்டலாம். இடையில் நீர் ஓடினால் அப்படிக் காட்டக் கூடாது. இந்த விதியின் முதல் பாதியைப் பின்பற்றி, இரண்டாம் பாதியை நான் மறந்துவிட்டேன் என்று நீங்கள் கருதுகிறீர்கள். அம்மையீர், அந்த இரண்டாம் பாதியைக் கையேட்டில் எழுதிச் சேர்த்தவனே நான்தான். வெள்ளம் வந்த நாளில் வாய்க்காலின் இரு கரையும் இரு நாடுகள் என்று வாதாடிச் சேர்க்க வைத்தேன். எதையும் நான் மறக்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் குடியிருக்கிறேன். நாள்தோறும் பேருந்தில் கடலூருக்குப் போய், மஞ்சக்குப்பத்தில் ராஜவேல் அவர்கள் நடத்தும் வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ராஜவேல் என் மனைவி மாலதிக்குத் தாய்மாமன். என் பேச்சை ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு, கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து என் கையைப் பற்றிக்கொண்டவர். வேலை கொடுத்தவரும் அவரே, பெண் கொடுக்க முன்னின்றவரும் அவரே.

எழிலன் என்பது எனக்குப் பிறந்தபோது வைத்த பெயர் அல்ல. இருபத்தோராம் வயதில் ஒரு மேடையில் நானே சூட்டிக்கொண்டது. பழைய பெயரை உதறுவது எங்கள் இயக்கத்தில் பெருமைக்குரிய வழக்கம். பெயரோடு மதம் போகும், மதத்தோடு சாதி போகும், சாதியோடு அது குடியிருந்த தெரு போகும் என்று அன்று பேசினேன். வெகுநேரம் கை தட்டினார்கள். எங்கள் திருமணமும் மேடையில்தான் நடந்தது. சாதி கேட்காத திருமணம் என்று துண்டறிக்கையில் அச்சிட்டார்கள். மேடையில் யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். அதற்கு முந்தின வாரம், காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ராஜவேல் மாமா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, நமக்கு இந்தச் சாதி கீதியெல்லாம் கெடையாது. அது உங்களுக்கே தெரியும். சும்மா தெரிஞ்சிக்கலாம்னுதான்... உங்களுக்கு எந்தத் தெரு?"

"சிதம்பரந்தான் மாமா. அப்பா அம்மா இல்ல. கூடப் பொறந்தவங்களும் யாரும் இல்ல."

"அய்யய்ய, அதனால இன்னா. நாங்க இருக்கோம்ல?"

அவர் கேட்டது தெருவை. நான் சொன்னது ஊரை. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல மனிதர். அவர் நல்லவராக இருப்பதற்கு நானும் என்னால் ஆன உதவியைச் செய்தேன்.

இரண்டாண்டுகளுக்கு முன்பு எங்கள் அலுவலகத்துக்கு அந்தப் பணி வந்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஊர்களுக்கு வெள்ள மீட்பு வரைபடம் செய்ய வேண்டும். வெள்ளம் வந்தால் தேவனாம்பட்டினத்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கடல் அவர்களுக்குத் தெரியும், ஊர் தெரியாது. எந்த மேட்டில் எத்தனை வீடு, எந்த வழியாகப் படகு நுழையும் என்று அவர்கள் கைபேசியில் பார்த்துக்கொள்ளும்படி ஒரு படம் வேண்டும். படத்தில் இருக்கும் ஊருக்குப் படகு போகும். வேலை அவ்வளவுதான்.

செயற்கைக்கோள் படத்தை அடியில் விரித்து, அதன்மேல் அடுக்கடுக்காக வரைந்துகொண்டு போவோம். லேயர் என்று சொல்வோம். நீருக்கு ஓர் அடுக்கு, சாலைக்கு ஓர் அடுக்கு, வீடுகளுக்கு ஓர் அடுக்கு. ஒவ்வோர் அடுக்கின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சிறிய கண் வரைந்திருக்கும். அந்தக் கண்ணைப் பேனாவால் ஒருமுறை தட்டினால் கண் மூடிக்கொள்ளும். அடுக்கு படத்திலிருந்து மறைந்துவிடும். அழியாது. கோப்புக்குள் அப்படியே இருக்கும். மறுபடி தட்டினால் வந்துவிடும்.

வரைபடத்தைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டோம். நெடுங்கரை இருந்த தாள் என் பங்குக்கு வந்தது. ஊரை அரை நாளில் முடித்தேன். கூரைக்கு நான்கு கோடு, தெருவுக்கு இரண்டு கோடு. பிறகு வாய்க்காலைத் தாண்டினேன். காலனிக்கு என்று தனியாக ஓர் அடுக்கைத் திறந்து, மூன்று நாள் வரைந்தேன். பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். அந்த மூன்று நாளும் நான் அழுத்தவே இல்லை. ஓட்டுக் கூரையை ஒருவிதமாக, தகரக் கூரையை ஒருவிதமாக, கீற்றுக் கூரையை ஒருவிதமாக வரைந்தேன். ஐம்பத்தெட்டுக் கூரைகள். மாதா கோயிலும் அதன் மணிக்கூண்டும். வரைந்து முடித்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கண்ணை மூடினேன்.

அன்று பிற்பகல் ராஜவேல் மாமா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். காலனியின் அடுக்கு மூடியிருந்தது. ஆனால் அடியில் விரித்திருந்த செயற்கைக்கோள் படத்தில் கூரைகள் தெரிந்துகொண்டுதான் இருந்தன.

"இது இன்னா மாப்ள, வாய்க்காலுக்கு அந்தாண்ட வரிசையா வெள்ள வெள்ளயா தெரியுது?"

"இறால் பண்ணைக் கொட்டகைங்க மாமா."

"ஆளு இருப்பாங்களா?"

"மழைக்காலத்துல யாரும் இருக்க மாட்டாங்க. பண்ணைய காய வுட்டுட்டுப் போயிடுவாங்க."

அவர் தலையசைத்துவிட்டு டீ சொல்லப் போனார். சுற்று வட்டாரத்தில் இறால் பண்ணைகள் உண்டு என்பதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வாய் குழறவில்லை.

இதற்கு என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கேட்க நன்றாக இருக்கும். ஊர் வேறு, காலனி வேறு என்று எழுதி வைத்தவன் யார்? பழைய கிராமப் படத்தில் அப்படிப் பிரித்து எழுதினான் ஒருவன். அடுத்து வந்தவன் பார்த்து எழுதினான். அதைப் பார்த்து இன்னொருவன். நூறாண்டு இழிவை ஒவ்வொரு தலைமுறையும் மைதொட்டுப் புதுப்பிக்கிறது. நான் ஏன் புதுப்பிக்க வேண்டும்? ஒரே ஊர், ஒரே புள்ளி, ஒரே பெயர். "காலனி இல்லாத வரைபடம் எங்கள் மேசையில் பிறந்துவிட்டது, காலனி இல்லாத நாடு உங்கள் கையில் பிறக்கட்டும்" என்று விருத்தாசலத்தில் ஒரு மேடையில் சொன்னேன். ராஜவேல் மாமா முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அதை நம்பினேன். ஏறத்தாழ நம்பினேன்.

நேற்று மாலை, அறிக்கை வரைவைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்போது, போகிற போக்கில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். கோப்பைத் திறந்து அந்த மூடிய கண்ணைத் தட்டிப் பார்த்திருக்கிறீர்கள். அடியில் இருக்கும் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறீர்கள். "எல்லாம் பொருந்துது. இந்தக் கெணறு மட்டும் போட்டோவுல இல்லையே. மேல முழுக்கப் புளியமரந்தான் தெரியுது. மரத்துக்குக் கீழ கெணறு இருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டீர்கள்.

கழுத்து வலிக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

இருபது ஆண்டு மேடையில் உளறாத என் வாய் செய்யாத தவற்றை என் கை செய்துவிட்டது. திரையில் மரம்தான் இருந்தது. கை மரத்தின் கீழே போய்க் கிணற்றை வரைந்தது. கிணற்றின் கிழக்கு விளிம்பில் ஒரு கல் பெயர்ந்திருக்கும், அதையும் வரைந்தது. அந்தக் கல்லைப் பெயர்த்தவன் நான். அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்து, ஒரு குடத்தை நானும் இரண்டு குடத்தை அவரும் தூக்கிக்கொண்டு போவோம். அவர் என்றால் ஜெயராணி. என் அக்கா. மாதா கோயிலுக்கு மேற்கே மூன்றாவது வீடு, இப்போது தகரம் போட்டது, நான் பிறந்த வீடு. என் பெயர் சார்லஸ்.

பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது கிழக்கே பார்த்தால் எங்கள் மணிக்கூண்டின் உச்சி தெரியும். அதனால் நான் எப்போதும் மேற்குப் பக்க இருக்கையில்தான் உட்காருவேன். காலையில் கடலூர் போகும்போது, கிழக்கு வெயில் கண்ணில் அடிக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வேன். மாலையில் திரும்பும்போது வெயில் மேற்கிலிருந்து அடிக்கும். அப்போதும் மேற்கில்தான்.

அக்காவோடு எனக்குத் தொடர்பு இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை பேருந்திலிருந்து பேசுவேன். என் கைபேசியில் அவர் பெயர் ஜெராக்ஸ் கடை. என் மனைவியின் பெயரும் வீட்டு முகவரியும் அவருக்குத் தெரியும், ஒருமுறைகூட வந்ததில்லை. "நீ நல்லாருந்தா போதும்டா, நான் வந்து இன்னா பண்ணப்போறேன்" என்று சொல்லுவார். அதைத் தியாகம் என்று நான் எண்ணியதில்லை. வசதி என்று எண்ணியிருந்தேன்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். வரைபடத்தில் தனிப் புள்ளியாக வரும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் அலுவலகத்திலிருந்து நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். ராஜவேல் மாமா ஒவ்வோர் ஊருக்கும் தாமே போவார். வீடுகளை எண்ணி, வெள்ளக் காலத்தில் பேசுவதற்கு ஒரு தொடர்பு ஆளின் எண்ணை வாங்கி, அவரோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வருவார். காலனியில் தொடர்பு ஆள் யார் என்று கேட்டால் ஐம்பத்தெட்டு வீடும் ஒரே பெயரைச் சொல்லும். மணி அடிக்கிறவரைத்தானே சொல்வார்கள். அக்கா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, மேப்பு போடறது எங்க தம்பிதான் சார் என்று சொல்லியிருப்பார். மறைக்கத் தெரியாது என்பதல்ல. பெருமை வந்துவிட்டால் அவருக்கு மற்றவை மறந்துபோகும்.

ஆகவே தனிப் புள்ளி கூடாது. இவ்வளவுதான் காரணம். மேடையில் சொன்னதெல்லாம் பிறகு வந்தது.

நெடுங்கரை ஊருக்குச் சரிபார்க்கப் போகும் நாளில் நான் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். எங்கள் அலுவலகத்துக் கலைமணி மாமாவோடு போனார். ஊரில் எத்தனை வீடு என்று கேட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னார்கள். அதில் காலனி இல்லை. வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா என்றும் கலைமணி கேட்டிருக்கிறார். "இல்ல சார், ஊரு இவ்ளோதான்" என்று சொல்லி இளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஊர் எத்தனை வீடு என்று கேட்டால் ஊரை மட்டும் சொல்வது அங்கே வழக்கம். அந்த வழக்கத்தை எதிர்த்து நாற்பது மேடைகளில் பேசியிருக்கிறேன். அன்று அதைத்தான் நம்பிப் படுத்திருந்தேன். அது என்னைக் கைவிடவில்லை.

வரைபடம் வெளிவந்த செய்தி உள்ளூர்த் தொலைக்காட்சியில் வந்தது. அதற்கு அடுத்த நாள், பேருந்து செம்மங்குப்பத்தைத் தாண்டும்போது, எல்லோரும் சன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில் அக்கா அழைத்தார்.

"தம்பி, டிவில காமிச்சாங்கடா உங்க ஆபீஸ. நம்ம தெருவ மேப்புல போட்டியா?"

"போட்டாச்சுக்கா."

"நம்ம வீடு?"

"அதுவும்தான். கெணறுகூடப் போட்டிருக்கேன்."

"அப்ப தண்ணி வந்தா படகு நேரா நம்மகிட்ட வந்துரும்னு சொல்லு. இரு இரு, இவுருகிட்டயும் சொல்லு" என்று தன் கணவர் ராஜாமணியிடம் கைபேசியைக் கொடுத்தார்.

"மச்சான், பெரிய ஆளாயிட்டீங்க" என்றார் அவர். "எங்க வூட்டம்மா காலைலேர்ந்து தெருவுல ஒருத்தரையும் வுடல. எந்தம்பி மேப்பு, எந்தம்பி மேப்புன்னு ஒரே ரகள."

நான் சொன்னதில் பொய் இல்லை, அம்மையீர். போட்டிருந்தேன். ஐம்பத்தெட்டுக் கூரையும் கோப்பில் இருந்தன. நீங்களே பார்த்தீர்கள்.

மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் பிற்பகல் அக்கா மறுபடி அழைத்தார். ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். வாய்க்காலின் தரைப்பாலத்தில் முழங்கால் தண்ணீர்தான் ஓடுகிறது. இப்போது போனால் காலனியும் போய்விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள் என்றார். "போனா பள்ளிக்கூடத்துல எடம் வுடுவாங்களான்னு தெரியல. போன தபா வராண்டாவுலதான் ஒக்கார வெச்சாங்க, நெனப்பு இருக்குதா? பெரியவங்கள வேற தூக்கிக்கிட்டுப் போவணும். மேப்புல இருக்குதுன்னு நான் சொல்லிப்புட்டேன். படகு வந்துரும் இல்லடா?"

"வந்துரும்கா" என்றேன்.

அவர்கள் இருந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை வெள்ளாறு கரையை உடைத்தது. ராஜவேல் மாமா எங்கள் அலுவலகத்தையே படகுகளுக்கு வழி சொல்லும் இடமாக மாற்றியிருந்தார். என் மேசையில் நெடுங்கரைத் தாள் திறந்திருந்தது. பதினொன்றேகால் மணிக்குக் காத்தவராயன் அழைத்தார். தேவனாம்பட்டினத்துப் படகுக்காரர். அவரை நான் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் தெரியும். எல்லோரும் கேட்பதற்காகக் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாமா என் தோளருகே நின்றார்.

"சார், நெடுங்கர முடிஞ்சிது. எல்லாரையும் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏத்தியாச்சு. அடுத்து மேக்கால போவச் சொல்றாங்க. ஆனா சார், வாய்க்காலுக்கு அந்தாண்டேருந்து மணி அடிக்கிற சத்தம் வருது. மழயில ஒண்ணுந் தெரியல. அங்க எதுனா ஊரு இருக்குதா சார்? மேப்புல காணோமே."

அவர் பேசுவதை நிறுத்தினார். மழையின் இரைச்சலுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் எங்கள் அலுவலகத்துக்கும் கேட்டது. மூன்று அடி, ஓர் இடைவெளி, மூன்று அடி, ஓர் இடைவெளி, மூன்று அடி. செபத்துக்கு அடிக்கும் கணக்கு அது. செப வேளை இல்லை. வேறு கணக்கு அக்காவுக்குத் தெரியாது.

பேனா பலகையைத் தொட வேண்டும் என்பதில்லை. ஒரு விரற்கடை மேலே பிடித்தாலே திரையில் அம்புக்குறி அதன் பின்னால் வரும். என் பேனா அந்த மூடிய கண்ணுக்கு மேலே நின்றது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஐம்பத்தெட்டுக் கூரையும் வந்திருக்கும். அவற்றோடு, இது எப்போது வரைந்தது மாப்ள, அன்றைக்கு இறால் கொட்டகை என்று சொன்னீர்களே என்ற கேள்வியும் வந்திருக்கும். அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி நின்றது. காபி குடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே, சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட கேள்வி.

"அது இறால் பண்ணைக் கொட்டகைங்க. ஆளு யாரும் இல்ல" என்றேன். "காத்துல தகரம் அடிச்சிக்கும். நீங்க மேக்கால போங்க."

"தகரம் மாதிரி இல்ல சார்."

"நாந்தான் மேப்பு போட்டவன்" என்றேன்.

அவர் போனார். காற்று மூன்று மூன்றாக எண்ணி அடிக்காது என்பது கடலில் வளர்ந்தவருக்குத் தெரியாதா? தெரியும். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு, யார் சொல்லையும் கேட்காமல் தாமே படகைத் திருப்பிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினார். கோயில் கூரைமேல் இருந்தவர்களை எல்லாம் அவர்தான் கொண்டுவந்தார். மணிக்கூண்டு அதற்குள் சரிந்திருந்தது. அக்கா கூரைமேல் ஏறவில்லை. மணிக்கயிறு கீழேதான் தொங்கும். கயிற்றைக் கையிலிருந்து எடுக்க முடியவில்லை, அறுத்துத்தான் எடுத்தேன் என்று காத்தவராயன் தம் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். கேட்டும் போகாத பாவி என்று அவரைச் சிலர் ஏசுகிறார்களாம். அவரை விட்டுவிடச் சொல்லுங்கள். அவர் கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன்.

பதினைந்து நாள் கழித்துச் சிதம்பரத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. கொட்டகை என்று நான் தெரியாமல் சொன்னதாகவே மாமா உட்பட எல்லோரும் நம்பினார்கள். பேச என்னை அழைத்தார்கள். போனேன். ஐவரின் பெயரையும் சொல்லிப் பேசினேன். ஊரும் காலனியும் ஒன்றாக எண்ணப்பட்டிருந்தால் இந்த ஐவரும் இன்று நம்மோடு இருந்திருப்பார்கள் என்றேன். ஜெயராணியின் பெயரைச் சொன்னபோது குரலை இறக்கினேன். எதிர்பார்த்த வரிசையில் கண்ணீர் வந்தது. அதற்கும் முன் வரிசையில் காலனிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பெயர் சொல்லித் தூக்கி வளர்த்தவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்கா அவர்களிடம் என்ன சொல்லி வைத்திருந்தாரோ.

கூட்டம் முடிந்து இறங்கியபோது ராஜாமணி எதிரே வந்தார். மாலதியும் ராஜவேல் மாமாவும் என் பக்கத்தில் நின்றார்கள். அவர் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், கை கூப்பினார்.

"நல்லாப் பேசுனீங்க சார்" என்றார்.

இருபத்துமூன்று ஆண்டுகளாக என்னை மச்சான் என்று அழைத்தவர். அன்றுதான் முதல்முறையாக சார் என்றார். எனக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்று நினைத்தாரோ, இல்லை, வேறு எந்தச் சொல்லும் இனிப் பொருந்தாது என்று நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது.

வீட்டுக்குத் திரும்பும் நகரப் பேருந்தில் மாலதி மெல்லக் கேட்டாள். "அந்த மணி அடிச்ச அம்மாவுக்குத் தம்பி ஒருத்தர் இருக்காராமே, பக்கத்துல இருந்த லேடி சொன்னாங்க. சாவுக்குக்கூட வரலையாம். எங்க இருக்காருங்க அவரு?"

"தெரியல" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். மற்றவர்களுக்காக இவ்வளவு வருத்தப்படுகிற மனிதருக்கு வாழ்க்கைப்பட்டோம் என்று பெருமையாக இருக்கிறது என்றாள்.

அம்மையீர், ஆகவே உங்கள் அறிக்கையில் கவனக்குறைவு என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அங்கே குடியிருப்பு இருப்பது எனக்குத் தெரியும். வெள்ளம் வந்தால் அது தனித்துப் போகும் என்பது தெரியும். போய்விடலாமா என்று கேட்டவர்களை நான்தான் இருக்கச் சொன்னேன். மணியை அடிப்பது யார் என்று தெரியும். தெரிந்தே இல்லை என்றேன். ஐவரையும் நான் கொன்றேன். எந்தத் தண்டனை கொடுத்தாலும் மேல்முறையீடு செய்ய மாட்டேன். இனி மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. எழுதி முடித்ததில் மனம் சற்று இலேசாகவும் இருக்கிறது.

ஒரு சிறிய வேண்டுகோள் மட்டும். நீங்கள் கொடுத்த படிவத்தின் முதல் வரியில், பெயருக்குப் பக்கத்தில், சொந்த ஊர் என்று ஓர் இடம் இருக்கிறது. அதை வெறுமையாக விட்டிருக்கிறேன். உள்ளே எழுதியிருப்பதை யாரும் பொறுமையாகப் படிக்கப் போவதில்லை. முதல் வரியை எல்லோரும் படிப்பார்கள். அங்கே சிதம்பரம் என்றே போட்டுக்கொள்ளுங்கள்.